போலந்து நாணயத்தில் கழுகின் கிரீடம் ஏன் வந்து வந்து போகிறது?

கேள்வி இதுதான்: கப்பலில் வேலை பார்த்த மாமா விட்டுச்சென்ற ஒரு தகர டப்பாவில் நான்கு போலந்து நாணயங்கள் கிடைத்திருக்கின்றன. 1923 என்று போட்ட 20 குரோஷ், 1949 என்று போட்ட 1 ஸ்வோட்டி, 1975 என்று போட்ட இன்னொரு 1 ஸ்வோட்டி, 1990 என்று போட்ட 100 ஸ்வோட்டி. (ஸ்வோட்டி அங்கே ரூபாய் மாதிரி, குரோஷ் பைசா மாதிரி.) நான்கிலும் கழுகு. முதலாவதில் தலையில் கிரீடம் இருக்கிறது, நடு இரண்டில் இல்லை, கடைசியில் திரும்ப வந்துவிட்டது. இதில் எது போலி, அல்லது எது வேறு நாட்டு நாணயம் என்று கேட்டிருந்தீர்கள்.

எதுவும் போலி இல்லை, நான்கும் ஒரே நாட்டு நாணயம்தான். ஆனால் அந்த நான்கில் ஒன்று, நீங்கள் நினைக்கிற ஆண்டில் அடித்ததாக இல்லாமல் இருக்கலாம். சட்டம் ஒரே நாளில் மாறிவிடும். நாணயம் அடிக்கிற அச்சு அப்படி மாறாது. அதனால் போலந்துக் கழுகு சில சமயம் சட்டத்துக்குப் பின்னால் வரும், சில சமயம் சட்டத்துக்கு முன்னாலேயே ஓடிவிடும். கழுகின் தலையையும், சுற்றி எழுதியிருக்கும் நாட்டின் பெயரையும், உலோகத்தையும் முதலில் பாருங்கள். ஆண்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நாம் காசைச் சுண்டும்போது ‘பூவா தலையா’ என்கிறோம். போலந்துக்காரர்கள் ‘ஓஷெவ் சி ரெஷ்கா’ என்பார்கள். ஓஷெவ் என்றால் கழுகு, ரெஷ்கா மற்றப் பக்கம். கழுகு இருக்கிற பக்கம்தான் அவர்களுக்கு நாணயத்தின் முகம். அரசன் தலை வந்தாலும் போனாலும் கழுகு இருக்கும் என்கிற பழக்கம் பேச்சிலேயே ஊறிவிட்டது.

ஆனால் தொடக்கத்தில் அது கழுகுதானா என்பதே சந்தேகம். 1000ஆம் ஆண்டையொட்டி போலெஸ்வாவ் ஹ்ரோப்ரி அடித்த வெள்ளி தெனார் ஒன்றில் ஒரு பறவை நிற்கிறது. சுற்றி லத்தீனில் ‘பிரின்செஸ் போலோனியே’, அதாவது போலந்தின் தலைவன் என்று எழுத்து. நாட்டின் பெயர் நாணயத்தில் வருவது அதுதான் முதல் தடவை. அந்தப் பறவையைச் சிலர் கழுகு என்கிறார்கள், சிலர் மயில் என்கிறார்கள், சேவல் என்பவர்களும் உண்டு. படத்தைப் பார்த்தால் எனக்கு மயில் கட்சிதான் சரியென்று படுகிறது. அந்தத் தலையும் கொண்டையும் எந்தக் கழுகுக்கும் பொருந்தாது. லெஹ் என்ற மூதாதை வெள்ளைக் கழுகின் கூட்டைக் கண்ட இடத்தில் ஊர் அமைத்தான், அதுதான் க்னியெஸ்னோ என்று ஒரு கதை சொல்வார்கள். கூடு என்ற சொல்லிலிருந்து ஊர்ப் பெயர் வந்ததாம். கதை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அதை வைத்துக்கொண்டு அந்தத் தெனாரில் கழுகைத் தேட வேண்டியதில்லை.

சின்னமாகக் கழுகு உட்கார்ந்தது 1295இல். பல சிறு அரசுகளாகச் சிதறிக் கிடந்த நாட்டுக்கு இரண்டாம் ப்ஷெமிஸ்வ் க்னியெஸ்னோவில் முடிசூட்டிக்கொண்டபோது, தன் முத்திரையில் கிரீடம் வைத்த கழுகைப் போட்டான். கிரீடத்தின் பொருள் அங்கேயே தெரிகிறது: இது ஒரு குட்டிச் சிற்றரசின் பறவை இல்லை, முழு இராச்சியத்தினுடையது. இந்தப் பொருள் மறந்துபோகாததால்தான், அறுநூற்றைம்பது வருடம் கழித்து அந்தக் கிரீடத்தை எடுத்தபோது அவ்வளவு பேருக்குச் சுருக்கென்றது.

காசிமிர் மன்னரின் கடைசிக் காலத்தில், 1360களின் பிற்பகுதியில், கிராக்கோ குரோஷ் என்ற வெள்ளிக்காசு வந்தது. ஒரு பக்கம் பெரிய கிரீடம், மறுபக்கம் கிரீடமணிந்த கழுகு. அரசன் முகம் கிடையாது. அடுத்து வந்த யாகியெவோ வம்சத்தின் அரைக் குரோஷ்களும் இதே வடிவம்தான். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். அவற்றைப் பிரித்து அறிவது தனிக்கலை, இங்கே அதற்குள் போகவில்லை.

கழுகு சுவாரசியமாவது பதினாறாம் நூற்றாண்டில். முதலாம் ஜிக்முந்த் காலத்துக் கழுகின் உடலோடு எஸ் என்ற எழுத்து கொடிபோலப் பின்னிக்கிடக்கிறது, அவர் பெயரின் முதலெழுத்து. அதாவது நாட்டுச் சின்னத்தின் மேல் அரசர் கையெழுத்துப் போட்டுவிட்டார். 1573 முதல் போலந்து தன் அரசரைத் தேர்தலில் தேர்ந்தெடுத்தது. பிரான்சுக்காரர், திரான்சில்வேனியாக்காரர், ஸ்வீடன்காரர், சாக்சனிக்காரர் என்று யார் யாரோ வந்து அரியணையில் உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவரும் தங்கள் குடும்பச் சின்னத்தை ஒரு குட்டிக் கேடயத்தில் வைத்து நடுவில் ஒட்டிக்கொண்டார்கள். ஸ்டீபன் பாத்தோரிக்கு மூன்று ஓநாய்ப் பற்கள், ஸ்வீடனிலிருந்து வந்த வாசா அரசர்களுக்குக் கதிர்க்கட்டு, யான் சோபியெஸ்கிக்கு யானினா என்னும் கேடயச் சின்னம், கடைசி அரசர் ஸ்தானிஸ்வாவ் ஆகஸ்டுக்கு ஓர் இளங்காளை. தேய்ந்துபோய் எழுத்தே தெரியாத நாணயம் கையில் வந்தால் நான் முதலில் பார்ப்பது இந்த நடுக் கேடயத்தைத்தான். கதிர்க்கட்டு லேசாகத் தெரிந்தாலே போதும், 1587க்கும் 1668க்கும் இடையில் என்று சொல்லிவிடலாம்.

அந்தக் காலத்தில் கழுகு தனியாகவும் இல்லை. லித்துவேனியாவோடு கூட்டரசு என்பதால், வாளை ஓங்கிக்கொண்டு குதிரையில் பாயும் வீரன் கூடவே வருவான். போகோன் என்று பெயர். கேடயத்தை நான்காகப் பிரித்து, எதிரெதிர் மூலையில் கழுகும் குதிரைவீரனும் இருப்பார்கள். புராத்தினி என்ற இத்தாலியரின் மேற்பார்வையில் 1659 முதல் 1668 வரை கோடிக்கணக்கில் அடித்துத் தள்ளிய குட்டிச் செப்புக்காசுகளில் இடம் போதாது. அதனால் போலந்துக்கு அடித்ததில் கழுகு மட்டும், லித்துவேனியாவுக்கு அடித்ததில் குதிரைவீரன் மட்டும். போலந்தின் பழைய காசு என்று வலையில் மிகக் குறைந்த விலைக்கு விற்பவை பெரும்பாலும் இவைதான். விரல் நகம் அளவு இருக்கும்.

அதே காலத்தில் 1663இல் வந்த திம்ஃப் என்ற வெள்ளிக்காசையும் சொல்லிவிடுகிறேன். 30 குரோஷ் மதிப்பு என்று போட்டிருந்தது, உள்ளே இருந்த வெள்ளி அதில் பாதிக்கும் குறைவு. போரில் கஜானா காலியாகியிருந்தது. நாட்டைக் காப்பாற்றியதுதான் இதன் விலை, அது உலோகத்தைவிட மேலானது என்று லத்தீனில் ஒரு சமாதானத்தையும் அதிலேயே பொறித்தார்கள். சின்னமும் வாசகமும் எவ்வளவு அழகாக இருந்தாலும் கடைக்காரன் எடைபோட்டுத்தான் வாங்குவான் என்பதைச் சனங்கள் உடனே காட்டிவிட்டார்கள்.

சரி, நாடே இல்லாமல் போன காலத்துக்கு வருவோம். 1772, 1793, 1795 என்று மூன்று தவணையில் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் போலந்தைப் பங்குபோட்டுக்கொண்டன. நெப்போலியன் காலத்தில் வார்சா சிற்றரசு என்று ஒன்று கொஞ்ச நாள் இருந்தது. அது போனபிறகு, 1815இல் ரஷ்யச் சக்கரவர்த்தியே போலந்தின் அரசர் என்று ஓர் ஏற்பாடு. அந்த நாணயங்களை ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். இரட்டைத்தலை ரஷ்யக் கழுகு இறக்கையை விரித்து முழு இடத்தையும் அடைத்துக்கொண்டிருக்கும். அதன் மார்பில் ஒரு சின்னக் கேடயம், அந்தக் கேடயத்துக்குள் போலந்தின் ஒற்றைத்தலைக் கழுகு. பெரிய பறவை குட்டிப் பறவையை விழுங்கிவிட்டது போல இருக்கும் என்று எனக்குத் தோன்றும். காப்பாற்றி மார்போடு அணைத்திருக்கிறது என்று அந்தக் காலத்து அதிகாரி சொல்லியிருப்பார்.

1830 நவம்பரில் கிளர்ச்சி. 1831 ஜனவரியில் போலந்து நாடாளுமன்றம் சக்கரவர்த்தி நிக்கோலசை அரசர் பதவியிலிருந்து நீக்குகிறது. அவ்வளவு நெருக்கடியிலும் வார்சா நாணயச்சாலையில் புது அச்சு செய்தார்கள். 1831 என்று போட்ட 5 ஸ்வோட்டியில் இரட்டைத்தலை போய்விட்டது. ஒரே கிரீடத்தின் கீழ் பழையபடி கழுகும் குதிரைவீரனும் பக்கத்தில் பக்கத்தில். அதைவிட எனக்குப் பிடித்தது அவர்கள் அடித்த தங்கக்காசு. வெளிநாட்டில் ஆயுதம் வாங்கக் கிளர்ச்சிக்காரர்களின் காசு செல்லாது, ஆனால் டச்சு டுக்காட் எங்கும் செல்லும். ஆகவே டச்சுக்காரர்களின் காசை அப்படியே பார்த்து அடித்தார்கள். கவசமணிந்த வீரன் அம்புக்கட்டோடு நிற்கும் அதே படம்தான், ஆனால் ஓரமாக, மிளகு அளவுக்கு, ஒரு கழுகு. தெரியாதவன் கண்ணில் படாது.

கிளர்ச்சி அடக்கப்பட்டபின் காசும் தண்டிக்கப்பட்டது. 1832 முதல் வந்த நாணயங்களில் ரஷ்யச் சில்லறையான கோபெக்கும் ஸ்வோட்டியும் சேர்த்தே எழுதியிருக்கும், 15 கோபெக் – 1 ஸ்வோட்டி என்று. அதே ஆண்டு ரஷ்யப் பேரரசின் சின்னத்தையும் திருத்தினார்கள். கசான், அஸ்திராகான், சைபீரியா போன்ற பிரதேசங்களின் கேடயங்களைக் கழுகின் இறக்கையில் வரிசையாக வைத்தபோது, போலந்தின் கேடயமும் இறக்கையில் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தது. அடுத்த பத்தாண்டில் போலந்துக்கென்று தனி ஸ்வோட்டி அடிப்பதே நின்றது. சட்டப் புத்தகம் எதையும் திறக்காமல், மார்பிலிருந்து இறக்கைக்குப் போன ஒரு கேடயத்தை வைத்தே போலந்தின் நிலைமை எவ்வளவு இறங்கியது என்று பார்த்துவிடலாம்.

கிரீடம் வைத்த தனிக் கழுகு மறுபடி நாணயத்தில் வந்தபோது அதைக் கொண்டுவந்தவர்கள் போலந்துக்காரர்கள் இல்லை. முதல் உலகப் போரில் ரஷ்யர்களை விரட்டிவிட்டு வார்சாவில் உட்கார்ந்த ஜெர்மானியர்கள், 1916 நவம்பரில் போலந்து இராச்சியம் என்ற ஒன்றை அறிவித்தார்கள். 1917, 1918இல் அதற்கு இரும்பில் ஃபெனிக் காசுகள் அடித்தார்கள், வேலை நடந்தது ஸ்டுட்கார்ட்டில். போரில் செம்பும் நிக்கலும் கிடைக்காததால் இரும்பு. பெரும்பாலானவை இன்று துரு ஏறித்தான் கிடைக்கின்றன. துருவுக்கடியில் கிரீடத்தோடு கழுகு நிற்கும்.

1918இல் விடுதலை. 1919 ஆகஸ்ட் 1ஆம் தேதிச் சட்டம் வெள்ளைக் கழுகை, உச்சியில் சிலுவை வைத்த மூடிய கிரீடத்தோடு, அரசுச் சின்னமாக்கியது. குடியரசின் கழுகுக்கு ஏன் கிரீடம் என்ற வாதம் அப்போதே இருந்தது. அரசர் இல்லாவிட்டாலும் கிரீடம் நாட்டின் சுதந்திரத்தைக் குறிக்கும் என்ற தரப்பு ஜெயித்தது. ஆனால் சின்னம் தயாரானபோது அதைப் பொறிக்க நாணயம்தான் இல்லை. பணவீக்கத்தில் அப்போதைய பணமான போலந்து மார்க் தலைகுப்புற விழுந்துகொண்டிருந்தது. 1924 ஏப்ரலில் பிரதமர் கிராப்ஸ்கியின் சீர்திருத்தத்தில் 18 லட்சம் மார்க் கொடுத்தால் 1 ஸ்வோட்டி என்று மாற்றினார்கள். அதற்கென முன்கூட்டியே 1923 என்று ஆண்டு போட்டுச் சில்லறை தயாராக இருந்தது. உங்கள் 20 குரோஷின் கழுகு அந்தக் குடும்பம். வரைந்தவர் வோய்ச்செஹ் யஸ்ட்ஷெம்போவ்ஸ்கி.

இங்கேதான் அச்சும் சட்டமும் பிரிகிற முதல் இடம். 1927 டிசம்பரில் அரசுச் சின்னத்தையே மாற்றினார்கள். சிக்முந்த் கமின்ஸ்கி வரைந்த புதுக் கழுகு, சிலுவை இல்லாத திறந்த கிரீடம். இன்றைய சின்னத்துக்கும் அதுதான் அடிப்படை. ஆனால் சில்லறைக் காசுகளில் 1939 வரை பழைய 1923 கழுகே ஓடிக்கொண்டிருந்தது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கமின்ஸ்கியின் கழுகில் ஆட்களைச் சண்டைபோட வைத்தது வேறு ஒரு விஷயம். பழைய கழுகுகளின் இறக்கையில் ஒரு பட்டை ஓடி, அதன் நுனி மூவிலையாக முடியும். கமின்ஸ்கி அந்த மூவிலையை ஐந்துமுனை நட்சத்திரம் ஆக்கிவிட்டார். இது பிரீமேசன்கள் என்ற இரகசியச் சங்கத்தாரின் வேலை என்று ஒரு வதந்தி. பின்னாளில் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தபோது அவர்களுக்கு நட்சத்திரம் தேடும் வேலை மிச்சமானது. அது ஏற்கனவே இறக்கையில் இருந்தது!

1934இல் விடுதலைத் தலைவர் பில்சுட்ஸ்கியின் முகம் போட்ட வெள்ளிக்காசுகளில் ஒரு வகை உண்டு. மறுபக்கத்தில் அரசுச் சின்னத்துக்குப் பதிலாக, 1914இல் அவருடைய துப்பாக்கிப் படையினர் தொப்பியில் குத்தியிருந்த கழுகைப் பொறித்தார்கள். அந்தக் கழுகுக்குக் கிரீடம் கிடையாது. கிரீடமில்லாத கழுகு என்றாலே மாஸ்கோவின் கண்டுபிடிப்பு என்று சொல்பவர்களுக்கு இந்தக் காசைத்தான் காட்டுவது வழக்கம்.

இனி உங்கள் 20 குரோஷ். ஒரு காந்தம் எடுத்துக்கொள்ளுங்கள், குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுகிற பொம்மை போதும். 1923இன் அசல் 10, 20, 50 குரோஷ் சுத்தமான நிக்கல், காந்தத்தில் டக்கென்று ஒட்டும். ஒட்டாவிட்டால் உங்களிடம் இருப்பது துத்தநாகம். அதே படம், அதே கழுகு, அதே 1923. ஆனால் அது அடிக்கப்பட்டது இரண்டாம் உலகப் போரில், நாஜி ஆக்கிரமிப்பின் கீழ். நிக்கல் போர்த் தளவாடத்துக்கு வேண்டியிருந்தது. சில்லறையும் வேண்டியிருந்தது. வார்சா நாணயச்சாலையில் இருந்த வடிவத்தையே எடுத்துத் துத்தநாகத்தில் அடித்தார்கள். ஆண்டைக்கூட மாற்றவில்லை.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி இருக்கும். போலந்து என்ற பெயரையே வரைபடத்திலிருந்து அழித்தவர்கள், பள்ளிகளை மூடியவர்கள், கிரீடம் வைத்த போலந்துக் கழுகைச் சந்தைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சுற்றி ‘ஷெச்போஸ்போலித்தா போல்ஸ்கா’, போலந்துக் குடியரசு என்று முழுப்பெயர். பெருந்தன்மை ஒன்றும் இல்லை, அச்சு கையிலிருந்தது, அவ்வளவுதான். 1939 என்று போட்ட துத்தநாக 5 குரோஷ் ஒன்று உண்டு. அதில் உலோகத்தை மிச்சப்படுத்த நடுவில் ஓட்டை போட்டார்கள். நடு என்றால் கழுகின் மார்பு. என் சேகரத்தில் பண மதிப்பு மிகக் குறைந்த காசுகளில் அதுவும் ஒன்று, ஆனால் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு முதலில் காட்டுவது அதைத்தான்.

இந்த நிக்கல்–துத்தநாக விஷயத்தில் நானே ஏமாந்திருக்கிறேன். தொடங்கிய காலத்தில் ஒரு கண்காட்சியில் ‘போருக்கு முந்தைய நிக்கல்’ என்று ஒருவர் கொடுத்த 20 குரோஷை நல்ல விலை கொடுத்து வாங்கினேன். வீட்டில் மேசைமேல் போட்டபோது கணீரென்று கேட்காமல், நனைந்த பிஸ்கட்டைப் போட்டதுபோல் சத்தம் வந்தது. அன்றிலிருந்து சட்டைப் பையில் காந்தம் இல்லாமல் எந்தக் கண்காட்சிக்கும் போவதில்லை.

போர் முடிந்து கம்யூனிஸ்ட் ஆட்சி. கிரீடத்தை எடுக்கும் வேலை நாணயத்தில் தொடங்கவில்லை, இராணுவத் தொப்பியில் தொடங்கியது. 1943இல் சோவியத் மண்ணில் அமைந்த போலந்துப் படைக்குக் கிரீடமில்லாத, பியாஸ்ட் என்ற பழைய அரச வம்சத்துக் காலத்துப் பாணிக் கழுகு என்று ஒன்றைக் கொடுத்தார்கள். வீரர்கள் அதற்கு வைத்த பெயர் ‘கூரித்சா’. ரஷ்ய மொழியில் கோழி. கிரீடத்தை எடுத்துவிட்டால் கழுகு கோழியாகிவிடும் என்ற கேலி அதில் இருந்தது.

1944 முதல் 1950 வரை போலந்தில் புது நாணயமே கிடையாது, எல்லாம் தாள்தான். 1950 அக்டோபர் கடைசியில் பணமாற்றம் வந்தது. சம்பளமும் விலையும் 100 பழைய ஸ்வோட்டிக்கு 3 புதியது என்று மாறின, கையிலிருந்த ரொக்கத்துக்கோ 100க்கு 1தான். மக்கள் ரொக்கமாக வைத்திருந்த சேமிப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே இரவில் போனது. அந்தப் புதுப் பணத்தோடு சனங்கள் கைக்கு வந்தது 1949 என்று போட்ட சில்லறை. உங்கள் இரண்டாவது நாணயம். வார இறுதியில் சேமிப்பை இழந்தவன், திங்கட்கிழமை ரொட்டிக்கடையில் மீதிச் சில்லறை வாங்கும்போது கழுகின் தலை வெறுமையாக இருப்பதைப் பார்த்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் அவன் சேர்த்துத்தானே ஞாபகம் வைத்திருப்பான்?

அந்த 1949 காசை உற்றுப் பாருங்கள். கழுகுக்குக் கிரீடம் இல்லை, ஆனால் நாட்டின் பெயர் இன்னும் பழையதுதான், போலந்துக் குடியரசு. மக்கள் குடியரசு என்ற பெயர் 1952 ஜூலை 22இன் அரசமைப்புச் சட்டத்தில்தான் வந்தது. கிரீடத்தைச் சட்டப்படி நீக்கிய ஆணை அதற்கும் பின்னால், 1955 டிசம்பரில். ஏட்டளவில் அதுவரை 1927இன் கிரீடம் வைத்த கழுகுதான் அரசுச் சின்னம்! ஆகவே உங்கள் கையிலிருப்பது, தன் நாட்டுச் சட்டத்துக்கு ஐந்து வருடம் முன்னால் ஓடிய நாணயம். கிரீடமில்லாத கழுகும் பழைய பெயரும் இப்படிச் சில்லறையில் சேர்ந்து இருப்பது இந்த 1949 ஆண்டுக் காசுகளில்தான். 1 ஸ்வோட்டி செம்பு-நிக்கல் கலவையிலும் வந்தது, அலுமினியத்திலும் வந்தது. கையில் எடுத்ததும் தெரிந்துவிடும், அலுமினியம் இரண்டு கிராமுக்குச் சற்றுக் கூட, ஊதினால் பறக்கிற மாதிரி.

மூன்றாவது, 1975. 1957 முதல் வந்த காசுகளில் ‘போல்ஸ்கா ஷெச்போஸ்போலித்தா லூடோவா’ என்று மக்கள் குடியரசின் பெயர் முழுதாக வந்துவிட்டது. அதன்பின் முப்பது வருடத்துக்குக் கழுகில் சொல்லிக்கொள்கிற மாதிரி பெரிய மாற்றம் இல்லை. மறுபக்கத்தில் மீனவர், கோப்பர்நிக்கஸ், கோஷ்சியுஷ்கோ என்று என்னென்னவோ வந்தன. ஒன்றை மட்டும் சொல்லாமல் போகக் கூடாது. போலந்தில் பிறந்த போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பாலுக்கு 1982இல் வெள்ளி நாணயம் வெளியிட்டார்கள். நாட்டில் இராணுவச் சட்டம் அமலில் இருந்த நேரம். ஒரு பக்கம் போப்பாண்டவர், மறுபக்கம் கடவுளை நம்பாத அரசின் கிரீடமில்லாத கழுகு. இரண்டும் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு ஒரே வெள்ளித் தகட்டில்.

1989 டிசம்பர் 29இல் அரசமைப்பைத் திருத்தி, ‘மக்கள்’ என்ற சொல்லை எடுத்தார்கள், கிரீடத்தைத் திருப்பி வைத்தார்கள். 1990 பிப்ரவரியில் சின்னத்துக்கான சட்டம். 1919இன் சிலுவை வைத்த மூடிய கிரீடம் வேண்டுமா, 1927இன் திறந்த கிரீடமா என்று சூடான விவாதம். கடைசியில் கமின்ஸ்கியின் கழுகே திரும்பியது, நட்சத்திரங்களோடு சேர்த்து. புது வடிவத்துக்கு வரைந்துகொடுத்தவர் ஆந்த்ஷெய் ஹைட்ரிக்.

நாணயச்சாலை மட்டும் வழக்கம்போல் தன் வேகத்தில் போனது. 1990 என்று ஆண்டு போட்ட 10, 20 ஸ்வோட்டிகளில் மக்கள் குடியரசின் பெயரும் மொட்டைத்தலைக் கழுகும்தான் இருக்கின்றன. அதே 1990 என்று போட்ட 50, 100 ஸ்வோட்டிகளில் குடியரசு, கிரீடம். இல்லாத ஒரு நாட்டின் பெயரும் இருக்கிற நாட்டின் பெயரும் ஒரே ஆண்டில், ஒரே சட்டைப் பையில் குலுங்கின. உங்கள் நான்காவது நாணயம் இதில் இரண்டாம் வகை. ஒரு 1990 20 ஸ்வோட்டியும் வாங்கி அதன் பக்கத்தில் வையுங்கள். அதிகம் செலவாகாது, நான் இவ்வளவு எழுதியதை அந்த ஜோடி ஒரே பார்வையில் சொல்லிவிடும்.

1990 என்று போட்டு இன்னொரு குழுவும் உண்டு, அதுதான் புதியவர்களைக் குழப்புகிறது. 1, 2, 5, 10 குரோஷ் என்று சின்னச் சின்னக் காசுகள். விலைவாசி ஆயிரக்கணக்கில் இருந்தபோது குரோஷுக்கு என்ன வேலை? 10,000 பழைய ஸ்வோட்டியை 1 புதியதாக்கும் மாற்றத்துக்காக முன்கூட்டியே அடித்துப் பெட்டகத்தில் வைத்தவை அவை. வெளியே வந்தது 1995 ஜனவரி 1இல். கிட்டத்தட்ட 1923இன் கதையே, இந்தத் தடவை கொஞ்சம் நிதானமாக. 2017 முதல் வரும் காசுகளில் கழுகை மறுபடி வரைந்திருக்கிறார்கள், ஆனால் அது சித்திர வேலை, அரசியல் இல்லை.

நாணயத்தோடு நிறுத்தாமல், போலந்துக்குப் போகிற யாராவது இருந்தால் தாள் நோட்டுகளின் பின்புறத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அதே ஹைட்ரிக் வரைந்தவைதான். 50 ஸ்வோட்டியில் காசிமிர் மன்னரின் முத்திரைக் கழுகு, 100இல் யாகியெவோவின் கேடயக் கழுகு, 200இல் எஸ் எழுத்து பின்னிக்கிடக்கிற ஜிக்முந்தின் கழுகு. 20இல் போலெஸ்வாவின் தெனார். மேலே சொன்னதில் பாதி ஒரு பணப்பைக்குள்ளேயே இருக்கிறது.

உங்கள் டப்பா விஷயத்துக்கு வருகிறேன். காந்தத்தில் அந்த 20 குரோஷ் ஒட்டினால் அது போருக்கு முந்தைய குடியரசின் காசு, பழந்துணியால் துடைத்து வைக்கலாம். ஒட்டாவிட்டால் தயவுசெய்து புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். பித்தளைக்குத்துவிளக்கு தாங்கும், துத்தநாகம் தாங்காது. புளிப்பு பட்டால் மேற்பரப்பு அரித்துப் பொரிந்துவிடும், முதலில் போவது கழுகின் தலைப் பக்கத்து நுணுக்க வேலைதான். சாம்பல் நிறமாக அப்படியே ஒரு காகித உறையில் போட்டு, உறைமேல் ‘1923, அடித்தது போர்க்காலத்தில்’ என்று பென்சிலால் எழுதி வைத்துவிடுங்கள்.